ஆள் இல்லாத பதினைந்து வீடுகள்

அத்தியாயம் 6

"மேப்ரி, இருபத்திரண்டு போட்டோவையும் தரையில பரப்பு. வீட்டு நம்பர் வரிசையில."

"தரையைப் பெருக்கி ரெண்டு வாரம் ஆச்சு பாஸ். போட்டோ அசிங்கமாயிடும்."

"அதை எடுத்தப்பவே அது அசிங்கமாயிடுச்சு. பரப்பு."

நான் பாஸ் என்று சொல்வது டெல்ஃபின் ருஸ்னாக்கை. ஐம்பத்து நாலு வயது. கார்விக் நகராட்சியில் பதினெட்டு வருஷம் கட்டட ஆய்வாளராக இருந்து, மேலதிகாரியோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்து, பீட்சா கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்த அம்மணி. நான் கார்னெல் மேப்ரி, உதவியாளன். கார் ஓட்டுவதும் படி ஏறுவதும் என் வேலை. வாயாடுவது என் சொந்த விருப்பம்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் ரோசெட்டா காடிஸ். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர், நாற்பத்தாறு வயது. காலை டிரிப்பை முடித்துவிட்டு, மஞ்சள் ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார். கைகள் இரண்டும் மடியில் ஒன்றை ஒன்று பிசைந்துகொண்டிருந்தன.

அவர் பயத்துக்குக் காரணம் இருந்தது. அன்று மாலை நாலு மணிக்கு நகர மறுவளர்ச்சி வாரியத்தின் கூட்டம். அதில் அவர் குடியிருக்கும் ஆட்லம் தெருவைப் பாழடைந்த பகுதி என்று தீர்மானம் போட்டுவிட்டால், மொத்தத் தெருவையும் வாரியம் எடுத்துக்கொள்ளும். வீடுகளை இடித்துவிட்டு இடத்தைக் கிடங்குக் கம்பெனி ஒன்றுக்குக் கொடுக்கும். கம்பெனி எண்ணூறு பேருக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. இரும்பாலை மூடி மூன்று வருஷமான எங்கள் ஊரில் இந்த எண்ணைக் கேட்டுக் கண் கலங்காதவன் கிடையாது.

ஒரே ஒரு விதி மட்டும் குறுக்கே நின்றது. தெருவில் பாதிக்கு மேல் ஆள் இல்லாத வீடாக இருந்தால்தான் அப்படித் தீர்மானம் போட முடியும். ஜனவரியில் வாரியம் எடுத்த கணக்குப்படி, இருபத்திரண்டில் பதினைந்து வீடு காலி.

"காலியாம்!" என்றார் ரோசெட்டா. "பதினஞ்சுலயும் ஜனங்க இருந்தாங்க மேடம். அந்த ரிப்போர்ட் வந்தப்புறம்தான் கம்பெனி ஆளுங்க வீடு வீடா வந்து, இப்பவே வித்துடு, வாரியம் எடுத்தா ஒண்ணும் தேறாதுன்னு பயமுறுத்தினாங்க. எல்லாரும் வித்துட்டுப் போயிட்டாங்க. வெளிய வாயைத் திறக்க மாட்டேன்னு கையெழுத்து வேற வாங்கியிருக்காங்க. இப்ப சாட்சிக்குக் கூப்பிட்டா போனைக்கூட எடுக்க மாட்டேங்கறாங்க."

"நீங்க ஏன் விக்கல?"

"அந்த வீட்டுல ஒவ்வொரு சுவரும் நான் பூசினது. கூரை ஏறி தகடு மாத்தினது நான். என் வாழ்க்கையில நான் செஞ்சு முடிச்ச ஒரே காரியம் அது. அதை எப்படி மேடம் விட்டுக் கொடுப்பேன்?"

டெல்ஃபின் வாரியத்தின் ரிப்போர்ட்டை மூக்குக் கண்ணாடிக்கு அருகில் பிடித்து வாசித்தார். ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று கட்டம். வாசலில் கார் இல்லை. கதவைத் தட்டியும் யாரும் வரவில்லை. தெருவில் உடைந்த சாமான் கொட்டிக் கிடக்கிறது. மூன்று கட்டத்திலும் குறி விழுந்தால் ஆள் இல்லாத வீடு.

"எந்த நேரத்துல எடுத்த போட்டோ?"

"செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணின்னு போட்டிருக்கு பாஸ்."

"பத்து மணிக்கு வேலைக்குப் போறவன் வீட்டுல கார் எப்படி நிக்கும்?"

"கதவை யார் திறப்பா, பூனையா?" என்றேன்.

"சரி, அந்த ரெண்டு கட்டம் அப்படி. மூணாவது? கொட்டிக் கிடக்கற சாமான்?"

நான் மண்டி போட்டுப் படங்களைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் முழங்கால் உயரப் பனி. பன்னிரண்டாம் நம்பர் வீட்டு முன்னால் சமையலறை நாற்காலி ஒன்று. பதினாலுக்கு முன்னால் இன்னொரு நாற்காலி, ஒரு கால் ஒட்டுப் போட்டது. பதினாறுக்கு முன்னால் இஸ்திரி போடுகிற பலகை, பக்கத்தில் கவிழ்த்த வாளி. பதினெட்டில் மறுபடியும் நாற்காலி.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரோசெட்டாவைப் பார்த்து உடனே அடக்கிக்கொண்டேன்.

"பாஸ், எந்த மடையன் இதைக் குப்பைன்னு எழுதினான்? இது இடம் பிடிச்ச நாற்காலி!"

எங்கள் ஊரில் பிறந்த எவனுக்கும் இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. பனி கொட்டினால் விடியற்காலையில் எழுந்து, மண்வெட்டியால் ஒரு மணி நேரம் வாரி, வீட்டு முன்னால் தெருவில் நிறுத்திய காரை வெளியே எடுக்கிறோம். அப்படி இடுப்பொடிய உண்டாக்கிய இடத்தை வேறு எவனாவது வந்து பிடித்துக்கொண்டால் வயிறு எரியுமா, எரியாதா? அதனால் வேலைக்குப் போகும்போது அந்த இடத்தில் பழைய நாற்காலி ஒன்றைப் போட்டுவிட்டுப் போவோம். பஸ் சீட்டில் துண்டு போடுகிற மாதிரிதான். சாயங்காலம் வரை அதை யாரும் தொட மாட்டார்கள். தொட்டவன் மறுநாள் டயரில் காற்று இல்லாமல் நிற்பான்.

டெல்ஃபின் மெல்ல நிமிர்ந்தார். "ஆள் இல்லாத வீட்டு வாசல்ல பனியை வாரி, நாற்காலி போட்டு வச்சது யாரு, பிசாசா?"

"அப்ப ஜெயிச்சுடலாமா மேடம்?" ரோசெட்டா எழுந்தே விட்டார்.

"அவசரப்படாதீங்க. கணக்கு எடுத்தவன் வாயால இது வரணும். நீங்க டிப்போவுக்குப் போங்க. ரெண்டு மணிக்கு வந்து பார்க்கறேன்."

*

கணக்கு எடுத்தவன் பெயர் பெனவிடஸ். கூட்டத்தில் ரிப்போர்ட்டை வாசிப்பதற்காக அரிசோனாவிலிருந்து வந்து, நெடுஞ்சாலை ஓட்டலில் தங்கியிருந்தான். கீழே சாப்பாட்டு மேஜையில் பியரோகி கொழுக்கட்டையை முள்கரண்டியால் சந்தேகத்தோடு குத்திக்கொண்டிருந்தான். முப்பது வயது இருக்காது. ஏப்ரல் மாதத்தில் கம்பளிக் குல்லாய்.

"பயப்படாதே, அது கடிக்காது," என்று எதிரே உட்கார்ந்தேன். "உள்ள உருளைக்கிழங்குதான்."

டெல்ஃபின் பன்னிரண்டாம் நம்பர் படத்தை அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். "இது என்ன?"

"குப்பை."

"தம்பி, உங்க ஊர்ல பனி பெய்யுமா?"

"எங்க ஊர்ல மழையே பெய்யாது மேடம்."

நான் அவனுக்கு நாற்காலி விஷயத்தை விளக்கினேன். டயர் காற்று சமாசாரத்தையும் சேர்த்துத்தான். அவன் முகம் வெளிறிப் போனது. முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டான்.

"ஐயோ, நான் கேட்டேனே மேடம்! அத்தனை வீட்டு முன்னாலயும் ஒண்ணு கிடக்குதேன்னு எனக்கே சந்தேகம் வந்துச்சு. கூட வந்தவர்கிட்ட கேட்டேன். வீட்டை விட்டுப் போறவங்க தூக்கி எறிஞ்சுட்டுப் போனதுன்னாரு."

"கூட ஒருத்தர் வந்தாரா?"

"வாரியம் அனுப்பின உள்ளூர்க்காரர். அதே தெருக்காரர்தானாம். நான் வெளியூர், எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு துணைக்கு அனுப்பினாங்க. கடைசியில சாட்சிக் கையெழுத்தும் அவருதான் போட்டாரு."

"பேரு?"

"சொன்னா என் வேலை போயிடும் மேடம். ஒப்பந்தத்துலயே இருக்கு." அவன் பொய் சொல்கிறவனாகத் தெரியவில்லை. பயந்தவனாகத்தான் தெரிந்தான்.

பெயரைக் கறக்க நான் வாயைத் திறப்பதற்குள் டெல்ஃபின் ரிப்போர்ட்டைப் புரட்டி ஒரு வரியில் விரல் வைத்தார்.

"கார் இல்லாத வீடுகள்ல ஒண்ணே ஒண்ணுல மட்டும் கதவைத் தட்டினதா குறி இல்லையே, ஏன்?"

"அங்க தட்ட வேணாம்னாரு. இங்க ஆள் இருக்காங்க, எழுதிக்கோன்னாரு."

"அந்த வாசல்லயும் கார் இல்ல. நாற்காலி இருந்துது. போட்டோவுல தெரியுது."

"ஆமா மேடம், மடக்கு நாற்காலி. அப்ப இது குப்பை இல்லையான்னு கேட்டேன்." பெனவிடஸ் யோசித்தான். "பதிலே சொல்லல. தலையைக் குனிஞ்சுக்கிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்துட்டாரு."

டெல்ஃபின் காகிதங்களை மடித்துக்கொண்டு எழுந்தார். நன்றி என்று ஒரே வார்த்தைதான் சொன்னார். நேராக வண்டியைப் பார்த்து நடந்தார்.

"என்ன பாஸ், கையில லட்டு மாதிரி சாட்சி கிடைச்சிருக்கு, நீங்க துக்க வீட்டுக்குப் போற மாதிரி வர்றீங்க?"

"வாசல்ல நாற்காலி இருந்த வீடு பதினாறு, மேப்ரி. கார் இல்லாததும் பதினாறு. பதினஞ்சைக் காலின்னு எழுதினாங்க. ஒண்ணே ஒண்ணை மட்டும் ஆள் இருக்குன்னு எழுதினாங்க. தெருவையே வித்தவனுக்கு அந்த ஒரு நாற்காலியைக் குப்பைன்னு சொல்ல வாய் வரல."

"சரி, அது அவன் சொந்த வீடா இருக்கும்."

"நம்பர் முப்பத்தொண்ணு. யாரு வீடு?"

சாவியைத் திருகப் போன என் கை நின்றுவிட்டது. நேற்று அந்த வீட்டு வாசலில்தான் ரோசெட்டாவை இறக்கிவிட்டேன். அவர் கணவர் வெர்னன் கதவைத் திறந்துவிட்டு, என்னிடம் காப்பி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். ஆலையில் இருபது வருஷம் பளுதூக்கி இயந்திரம் ஓட்டிய மனிதர். கடவுளே என்று மட்டும்தான் எனக்குச் சொல்லத் தோன்றியது.

*

டிப்போவில் வரிசையாக நின்ற மஞ்சள் பஸ்களுக்கு நடுவே டெல்ஃபின் விஷயத்தைச் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. ரோசெட்டா முதலில் கோபப்பட்டார்.

"உளறாதீங்க மேடம்! வெர்னனா? காலங்காத்தால எழுந்து எனக்காகப் பனி வார்றதே அவருதான். அவரு போய்..."

ஏதோ ஞாபகம் வந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. அவர் பஸ்ஸின் படியில் உட்கார்ந்தார்.

"ஜனவரியில ஒரு செவ்வாய்க்கிழமை... ஷேவ் பண்ணிக்கிட்டு, நல்ல கோட்டைப் போட்டுக்கிட்டுக் கிளம்பினாரு. ஒரு நாள் வேலை கிடைச்சிருக்குன்னாரு. ரெண்டு வருஷம் கழிச்சு அவர் முகத்துல சிரிப்பைப் பார்த்தேன். சாயங்காலம் அவருக்குப் பிடிச்ச விலா இறைச்சி பண்ணிப் போட்டேன் தம்பி. பாட்டு வேற பாடினேன்."

எனக்கு எந்த ஜோக்கும் வரவில்லை. பஸ் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கூட்டத்துல நான் நாற்காலியை மட்டும் காட்டறேன்," என்றார் டெல்ஃபின். "அதுவே போதுமானதா இருக்கலாம். பேரை நான் சொல்ல மாட்டேன். சொல்லணுமா வேணாமான்னு நீங்கதான் முடிவு பண்ணணும்."

"போதலைன்னா?"

"வீடா, அவரான்னு வந்து நிக்கும்."

*

நகர மன்றத்தில் நிற்க இடமில்லை. பாதிப் பேர் 'கார்விக்குக்கு வேலை' என்று எழுதிய பச்சைச் சட்டை போட்டிருந்தார்கள். அவர்களில் என் பெரியம்மா மகனும் ஒருவன்; என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இரண்டாவது வரிசையில் வெர்னன் இருந்தார். அவர் பச்சைச் சட்டை போடவில்லை. பக்கத்தில் மனைவிக்காக ஓர் இடம் பிடித்து வைத்திருந்தார். ரோசெட்டா அதில் உட்காரவில்லை. எங்களோடு சுவரோரம் நின்றார்.

மேடையில் வாரியத்தின் ஐந்து உறுப்பினர்கள். தலைவர் சிமோனெட்டி, மருந்துக் கடைக்காரர். ஐவருமே இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள்.

டெல்ஃபினுக்கு மூன்று நிமிஷம் கொடுத்தார்கள். அவர் படங்களை மேடையில் ஒவ்வொருவர் முன்பாகவும் வைத்தார்.

"இந்தச் சாமானெல்லாம் என்னன்னு தெரியாதவங்க இந்த மேடையில யாராவது இருக்கீங்களா?"

சிமோனெட்டி படத்தை எடுத்தார். வைத்தார். மறுபடியும் எடுத்தார். மற்ற நால்வரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். மூன்று மாதமாக அந்த ரிப்போர்ட் அவர்கள் மேஜையில் இருக்கிறது. கடைசிப் பக்கத்து எண்ணை மட்டும் பார்த்துவிட்டுத் தலையாட்டியிருக்கிறார்கள். படங்கள் இருந்த பக்கத்தை ஒருத்தர்கூடப் புரட்டவில்லை.

"என் வீட்டுலயும் இப்படி ஒண்ணு இருக்கு," என்றார் சிமோனெட்டி, மிகவும் மெதுவாக.

கூட்டத்தில் சலசலப்பு. ஜெயித்துவிட்டோம் என்று டெல்ஃபினைப் பார்த்தேன். அவர் பார்வை வாரியத்தின் வழக்கறிஞர் மேல் இருந்தது. அந்த மனிதர் சாவகாசமாக எழுந்தார்.

"அந்தத் தெருவிலேயே குடியிருக்கற ஒருத்தர் கூடவே நடந்து, வீடு வீடா சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கார். இதெல்லாம் போனவங்க விட்டுட்டுப் போன குப்பைன்னு சொல்லியிருக்கார். நேர்ல பார்த்த ஒரு தெருக்காரர் வார்த்தையை விட, போட்டோவைப் பார்த்து இந்தம்மா பண்ற யூகம் பெரிசா?"

"அந்தத் தெருக்காரர் யாரு?" என்றார் தலைவர்.

"பேரை வெளியிட முடியாது."

தலைவர் தயங்கினார். பச்சைச் சட்டைக் கூட்டம் ஓட்டுப் போடு, ஓட்டுப் போடு என்று கத்த ஆரம்பித்தது. டெல்ஃபின் வாயைத் திறக்கவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார். எனக்குத்தான் நாக்கு அரித்தது.

ரோசெட்டா சுவரை விட்டு நகர்ந்தார். ஒலிவாங்கி முன்னால் போய் நின்றார்.

"பேரை நான் சொல்றேன். வெர்னன் காடிஸ். என் வீட்டுக்காரர்."

எல்லாரும் இரண்டாவது வரிசையைப் பார்த்தார்கள்.

"பதினஞ்சு வீட்டைக் காலின்னு சொல்லிட்டாரு. எங்க வீட்டை மட்டும் சொல்ல முடியல. அதே பனி, அதே மாதிரி நாற்காலி. என்ன வித்தியாசம்னு அவரையே கேளுங்க."

வெர்னன் எழுந்திருக்க வெகுநேரம் எடுத்தது. மறுப்பார் என்று நினைத்தேன். மறுத்திருந்தால் வழக்கறிஞர் அவரைக் காப்பாற்றியிருப்பார்.

"ஒரு வித்தியாசமும் இல்ல," என்றார். "எல்லா வீட்டுலயும் ஆள் இருந்தாங்க. எனக்குத் தெரியும். மூணு வருஷமா என்னை யாரும் எதுக்கும் கூப்பிடல. இவங்க கூப்பிட்டாங்க. கிடங்குல மேற்பார்வை வேலை தர்றோம்னாங்க. தெரு எப்படியும் போகத்தான் போகுதுன்னாங்க. நானும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டேன்." மனைவியைப் பார்க்க முயன்றார், முடியவில்லை. "எங்க வாசலுக்கு வந்தப்ப, அந்த இடத்தை அன்னிக்குக் காலையில நான்தானே வாரினேன், அது ஞாபகம் வந்துடுச்சு. வாயே வரல."

மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் ஆட்லம் தெருத் தீர்மானம் தோற்றது. கிடங்குக் கம்பெனிக்காரர் தன் பையை மூடிக்கொண்டு கிளம்பினார். ஆற்றுக்கு அக்கரை ஊரில் இடம் தயாராக இருக்கிறது என்று போகும்போது நிருபர்களிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். யாரும் கைதட்டவில்லை.

"ஒரு வீட்டுக்காக எண்ணூறு குடும்பத்து வயித்துல அடிச்சுட்டியேடி!" என்று பச்சைச் சட்டைப் பெண் ஒருத்தி ரோசெட்டாவின் முகத்துக்கு நேராகக் கத்தினாள். அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தாள், நான் பார்த்தேன். அவளைத் திட்டவும் எனக்கு மனசு வரவில்லை.

ரோசெட்டாவை வீட்டில் கொண்டுபோய் விட்டோம். இன்னும் வெளிச்சம் இருந்தது. தெருவில் ஒரு நாய்கூட இல்லை. ஜன்னல்களுக்குப் பலகை அடித்த வீடுகளை நான் வண்டியில் இருந்தபடி எண்ணினேன். பதினைந்து. ஜனவரியில் எழுதிய பொய்யை ஏப்ரலுக்குள் அவர்கள் உண்மையாக்கிவிட்டிருந்தார்கள்.

முப்பத்தொன்றாம் நம்பர் படியில் வெர்னன் நின்றிருந்தார். எங்களுக்கு முன்பே நடந்து வந்திருக்க வேண்டும். கையில் ஒரு துணிப் பை.

"ரெண்டு சட்டை எடுத்துக்கிட்டேன்," என்றார். "அக்கா வீட்டுக்குப் போறேன் ரோசெட்டா. நீ என் மூஞ்சியில முழிக்க வேணாம்."

ரோசெட்டா வண்டியை விட்டு இறங்கினார். படி ஏறினார். அவர் அறைந்துவிடுவார் என்று நினைத்து நான் கதவைப் பாதி திறந்துகொண்டேன். டெல்ஃபின் என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

ரோசெட்டா அந்தப் பையைப் பிடுங்கி உள்ளே எறிந்தார்.

"மன்னிச்சுட்டேன்னு நினைக்காதே. மன்னிக்க மாட்டேன். உன்கூட இனிமே பேசுவேனான்னுகூட எனக்குத் தெரியாது." பலகை அடித்த வீடுகளைக் கைகாட்டினார். "ட்ரேசி எங்க இருக்கா, அந்தக் கிழவர் ஓடம் எங்க இருக்கார், பதினஞ்சு வீட்டுக்காரங்களும் எங்க போனாங்கன்னு நாளைக்குத் தேட ஆரம்பி. ஒவ்வொருத்தர் வாசலுக்கும் போய், நான்தான் செஞ்சேன்னு நீயே சொல்லு. எல்லார்கிட்டயும் சொல்லி முடிக்கற வரைக்கும் இந்த வீட்டை விட்டு எங்கயும் ஓடக் கூடாது."

வெர்னன் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார். ரோசெட்டா மட்டும் வாசலில் நின்று, எதிர் வரிசையில் இருந்த ஆள் இல்லாத வீடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.